உயர் வருமானத்தில் கொடைக்கு எவ்வளவு ஒதுக்குவது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் பலர் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மருத்துவமனை பில்லின் படம் வந்தால் இரண்டாயிரம், ஊர்க் கோவில் கொடைக்கு ஐயாயிரம், படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் கேட்டால் பத்தாயிரம் என்று ஆண்டு முழுவதும் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு மொத்தமாக எவ்வளவு கொடுத்தீர்கள், அது உங்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால், நினைத்திருந்ததைவிடத் தொகை குறைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கொடுக்கும் அளவை நாம் தீர்மானிக்காமல், கேட்பவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் கேட்ட நேரமும் தீர்மானிப்பதால் வரும் நிலை இது.

ஆகவே இந்த வழிகாட்டி முதன்மையாக ஒரு மாற்றத்தையே பரிந்துரைக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பதையும் யாருக்குக் கொடுப்பது என்பதையும் இரண்டு தனித்தனி முடிவுகளாகப் பிரித்து, முதல் முடிவை ஆண்டுக்கு ஒரு முறை, எதிரில் யாரும் நின்று கேட்காத நேரத்தில், எழுத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது முடிவை ஆண்டு முழுவதும் நிதானமாக எடுக்கலாம். இந்தியாவில் மாதச் சம்பளம் வாங்குவோரை மனத்தில் வைத்தே கணக்குகள் தரப்பட்டுள்ளன. தொழில் செய்வோரும் வெளிநாட்டில் இருப்போரும் வரி தொடர்பான பகுதியைத் தவிர்த்து மற்றவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. எந்தத் தொகையின் மீது கணக்கிடுவது

வேலைக்கான ஆணையில் காணப்படும் சிடிசி தொகையை, அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகையை, கணக்கிற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, பணிக்கொடை, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஊக்கத்தொகை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அதற்காகக் கையில் வரும் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சரியாகாது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். உங்களுடைய சேமிப்புதானே தவிர செலவன்று. மொத்தச் சம்பளத்திலிருந்து வருமான வரியை மட்டும் கழித்தால் வரும் தொகையே பொருத்தமான அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக 39.25 லட்சத்துக்கு வரி போட வேண்டும். 24 லட்சம் வரையிலான படிகளுக்குச் சேர்த்து 3 லட்சம், அதற்கு மேலுள்ள 15.25 லட்சத்துக்கு 30 சதவீத வீதத்தில் 4,57,500, இவற்றின் மீது 4 சதவீத செஸ் என்று மொத்தம் 7,87,800 ரூபாய் வரியாகிறது. மிஞ்சுவது 32,12,200 ரூபாய். இனி வரும் பகுதிகளில் இதே எண்ணைத் தொடர்வோம்.

2. கொடைக்கு முன்பாகச் சரிசெய்ய வேண்டியவை

தன் இருப்பை எடைபோட்டுப் பாராமல் கொடுப்பவனின் செல்வ வளம் விரைவில் கெட்டுவிடும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கண்டிப்பாகவே சொல்கிறார்:

உளவரை தூக்காத ஒப்புர வாண்மை
வளவரை வல்லைக் கெடும்.

இன்றைய சம்பளக்காரருக்கு இருப்பை எடைபோடுவது என்பது மூன்று செய்திகளைப் பார்ப்பதில் அடங்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை இழுத்துக்கொண்டு போகிறவர் அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அதை அடைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அடுத்து, தமக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு, தம்மை நம்பியிருப்பவர்களுக்காக டெர்ம் ஆயுள் காப்பீடு. மூன்றாவதாக, ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் உடனே எடுக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு எப்படித் திடீரென்று வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றும் முடியும் வரை ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்பதில்லை. வருமானத்தில் ஒரு சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும். அதே சமயம், வீட்டுக் கடன் இருப்பதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இருபது ஆண்டுத் தவணை முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று நினைப்பவர், அந்தத் தவணை முடியும்போது பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் காரணமாகச் சொல்வார். வீட்டுக் கடன் தவணை என்பது குடும்பச் செலவின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

3. குடும்பத்துக்குக் கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றுப் பெரிய சம்பளத்துக்கு வந்தவருக்குப் பெற்றோரின் மாதச் செலவு, தங்கையின் கல்விக் கடன், சித்தப்பாவின் அறுவைச் சிகிச்சை என்று கடமைகள் வரிசையாக இருக்கும். மூன்று தலைமுறையாகச் சொத்துள்ள குடும்பத்திலிருந்து வந்து அதே சம்பளம் வாங்குபவருக்கு அவற்றில் ஒன்றுகூட இராது. இருவருக்கும் ஒரே சதவீதத்தை விதிப்பது நியாயமாகாது. அதற்காகப் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையெல்லாம் கொடை என்று எழுதிக்கொண்டால், ஊராருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமலேயே ‘இருபது சதவீதம் கொடுத்தேன்’ என்று கணக்குக் காட்டிவிட முடியும்.

இல்வாழ்வானின் பொறுப்புகளைத் தென்புலத்தார் (முன்னோர்), தெய்வம், விருந்து, ஒக்கல் (சுற்றம்), தான் என்று ஐந்தாகப் பிரிக்கும் 43ஆம் குறளில் சுற்றத்துக்கும் விருந்தினருக்கும் தனித்தனி இடம் உண்டு. அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், இந்த ஐந்துக்கும் ஐந்து கூறு வேண்டியிருப்பதால்தான் அரசனுக்குரிய இறை, அதாவது வரி, ஆறில் ஒன்றாயிற்று என்கிறார். வரி போக மிஞ்சியதை இனவாரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதல்ல என்பதற்கு இது போதுமான சான்று.

நடைமுறையில் இதைக் கழித்தல் கணக்காக வைத்துக்கொள்வது எளிது. குடும்பக் கடமைக்காக ஆண்டுதோறும் உறுதியாகப் போகும் தொகையை வரிக்குப் பிந்தைய வருமானத்திலிருந்து முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதன் மீது கொடைக்கான விகிதத்தைப் போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் பெற்றோருக்கு மாதம் 25,000, தங்கையின் கல்விக் கடனுக்கு மாதம் 10,000 என்றால் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். அது போக 27,92,200 ரூபாய் இருக்கும். கழிக்கும் தொகை உங்கள் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு உண்மையிலேயே போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மனைவி, மக்கள், கார் தவணை, தனியார் பள்ளிக் கட்டணம் ஆகியவை இதில் சேரா. ஊர்க் கோவில் வரியும் திருமண மொய்யும் எங்கே சேரும் என்று கேட்பார்கள். மொய் திரும்பி வருவது. ஆகவே அது கொடையில் சேராது. கோவில் வரியைக் கொடையில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் நம்பிக்கை; ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

4. எத்தனை சதவீதம்

உலகில் பெரும்பாலான சமூகங்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ ஒரு விடை வைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களின் தசமபாகமும் சீக்கியர்களின் தஸ்வந்தும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. இஸ்லாமியரின் ஜகாத் இரண்டரை சதவீதம். ஆனால் அது வருமானத்தின் மீதன்று, ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் தங்கிய, நிஸாப் என்ற வரம்பை எட்டிய செல்வத்தின் மீது விதிக்கப்படுவது. ஆகவே சேமிப்பு மிகுந்த ஒருவருக்கு அந்த இரண்டரை சதவீதம் அவருடைய ஆண்டு வருமானத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டிப் போகவும் கூடும். சதவீதத்தைப் பார்க்கும்போது எதன் மீது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

மதம் சாராத அண்மைக்கால அளவுகோல்களில் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. 2009ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஓர்ட், வில்லியம் மெக்காஸ்கில் ஆகிய மெய்யியலாளர்கள் தொடங்கிய ‘கிவிங் வாட் வீ கேன்’ அமைப்பின் உறுதிமொழி, வாழ்நாள் முழுவதும் வருமானத்தில் பத்து சதவீதம் கொடுப்பது. 2010இல் பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் முன்னெடுத்த ‘கிவிங் பிளெட்ஜ்’ பெருஞ்செல்வர்களுக்கானது. சொத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுப்பதாக அதில் உறுதி தருகிறார்கள். அதில் கையெழுத்திட்ட முதல் இந்தியர் அசிம் பிரேம்ஜி. பெருஞ்செல்வர்களின் வழி மாதச் சம்பளக்காரருக்கு முன்மாதிரியாகாது. ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து, பணிக்காலம் முழுவதும் தம் சம்பளத்தையே கொடுத்துவிட்டு வேறு வேலைகள் செய்து வாழ்ந்த ‘பாலம்’ கலியாணசுந்தரத்தின் வழியும் எல்லோருக்கும் ஆகாது. வணங்கத்தக்கவர் என்பது வேறு, பின்பற்றத்தக்க முதல் படி என்பது வேறு.

பத்து சதவீதம் என்ற ஒற்றை விகிதத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் வாங்குபவரிடம் அது ஐம்பதாயிரத்தைப் பறித்து வீட்டு வாடகையையே ஆட்டங்காணச் செய்யும். ஒரு கோடி வாங்குபவரிடம் பத்து லட்சத்தோடு நின்றுவிடும், அதன் பிறகும் அவர் வாழ்க்கையில் எதுவும் குறையாது. வருமான வரியில் இருப்பதுபோல் படிநிலையாக ஏறும் விகிதமே உயர் வருமானத்துக்குப் பொருந்துகிறது. ஆஸ்திரேலிய மெய்யியலாளர் பீட்டர் சிங்கரும் வருமானத்தோடு ஏறும் விகிதங்களையே முன்வைத்தவர். இந்தியச் சம்பளக்காரருக்கு நான் பரிந்துரைப்பது இது: வரியும் குடும்பக் கடமையும் போன தொகையில் முதல் 10 லட்சத்துக்கு 1 சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 5 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 40 லட்சம் வரை 10 சதவீதம், 40 லட்சத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 சதவீதம்.

நம் எடுத்துக்காட்டில் 27,92,200 ரூபாய்க்கு 10,000, 50,000, 79,220 என்று மொத்தம் 1,39,220 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 11,600. 27,92,200 ரூபாயில் இது ஏறத்தாழ 5 சதவீதம். மிஞ்சும் தொகை 12 லட்சமாக இருப்பவருக்குக் கொடை ஆண்டுக்கு 20,000 ரூபாய்தான். 60 லட்சம் மிஞ்சுபவருக்கு 6,60,000 ரூபாய், அதாவது 11 சதவீதம். இந்த விகிதங்களில் புனிதம் எதுவும் இல்லை. உங்களுக்கு அதிகம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் பாதியாக்கி இந்த ஆண்டு தொடங்குங்கள். கொடுத்த பிறகு மாதக் கடைசியில் எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் அடுத்த ஆண்டு ஒரு படி ஏற்றலாம். ஆனால் கீழ்ப்படியைச் சுழியம் ஆக்கிவிட வேண்டாம். சம்பளம் குறைவாக இருக்கும்போதே ஒரு சதவீதம் கொடுத்துப் பழகியவருக்குத்தான் சம்பளம் ஏறும்போது பத்து சதவீதம் உறுத்தாமல் இருக்கும்.

5. சம்பள நாளிலேயே பிரித்துவைத்தல்

மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்ற திட்டம் எந்த வருமானத்திலும் நிற்பதில்லை. தமிழ்நாட்டு வணிகர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சிவகாசி, விருதுநகர்ப் பகுதிகளின் நாடார் வணிகர்களிடையே நிலவிய மகமை முறையில், கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் பிரிக்கப்பட்டது. இலாபம் வந்ததா என்று பார்த்துவிட்டுப் பிரிப்பதில்லை. சரக்கு நகர்ந்ததும் மகமை கணக்கில் ஏறிவிடும். அந்த நிதியிலிருந்து கோவில்களும் கிணறுகளும் பள்ளிகளும் எழுந்தன. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி நடந்த பள்ளி. அதற்காக வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உலை வைக்க அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். சமைத்து முடித்த பிறகு மிஞ்சிய சோற்றைக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடே இந்தப் படியின் முழுப்பொருள்.

இன்று அதைச் செய்ய, வங்கியில் கூடுதலாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் கணக்கிட்ட மாதத் தொகை தானாக அதற்குப் போகுமாறு நிரந்தர உத்தரவு கொடுத்துவிட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை தேவையில்லை. கொடை முழுவதும் அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே போக வேண்டும். மாதந்தோறும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றால் யுபிஐ ஆட்டோபே வசதியில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காமலே போகும். நிறுவனங்களுக்கும் திடீரென்று வரும் ஒரு லட்சத்தைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் எட்டாயிரம் பயன் தருவது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளம் மாதாமாதம்தானே போக வேண்டும்.

தனிக் கணக்கினால் கிடைக்கும் இன்னொரு பயனையும் குறிப்பிட வேண்டும். பணம் ஏற்கெனவே உங்கள் கையை விட்டுப் போய்விட்டதால், யாராவது கேட்கும்போது ‘கொடுப்பதா வேண்டாமா’ என்ற தயக்கம் எழாது. ‘இந்தக் கணக்கில் உள்ளது இவருக்குப் போவது நல்லதா, வேறொருவருக்குப் போவது நல்லதா’ என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும். மறுக்கவும் இது துணிவு தரும். இந்த மாதத் தொகை முடிந்துவிட்டது என்று பொய் கலவாமல் சொல்லலாம்.

6. தொகையை மூன்றாகப் பிரித்தல்

பத்தில் ஏழு பங்கை இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களுக்குத் தொடர் கொடையாக வைத்துக்கொள்ளலாம். பதினைந்து இடங்களுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால் ஒன்றைப் பற்றியும் உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

இரண்டு பங்கு, நேரில் கேட்டு வருபவர்களுக்கு. வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளுடைய கல்லூரிக் கட்டணம், பாதுகாவலரின் மருத்துவச் செலவு போன்றவை இதில் வரும். இங்கே பணத்தைவிடத் தகவல் அதிகம் உதவும் இடங்கள் உண்டு. மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு வருபவரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அதில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் அதை வாங்க ஒரு நாள் உடன் அலைவது நீங்கள் தரும் பத்தாயிரத்தைவிடப் பெரிய உதவி. கல்வியிலும் இப்படித்தான். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசு எதைக் கட்டுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது கட்டாத விடுதி உணவுக் கட்டணம், மடிக்கணினி, நேர்முகத் தேர்வுக்குப் போகும் பயணச் செலவு ஆகியவற்றுக்குக் கொடுத்தால் அதே பணம் நீண்ட தூரம் போகும்.

முன்பின் தெரியாதவருக்கான மருத்துவ உதவிக் கோரிக்கையாக இருந்தால், உள்நோயாளி எண்ணைக் கேட்டு, மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் அந்த எண்ணுக்கே நேரடியாகக் கட்டுவது பாதுகாப்பானது. இணையவழி நிதி திரட்டும் சில தளங்களில் நீங்கள் கொடுக்கும் தொகையோடு ‘டிப்’ என்ற பெயரில் தளத்துக்கு ஒரு தொகை தானாகவே சேர்க்கப்பட்டிருக்கும். பணம் செலுத்தும் முன் அந்தக் கட்டத்தைப் பார்த்து வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு பங்கு பேரிடருக்கு. 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தபோது முதல் வாரத்தில் உணவுப் பொட்டலமும் குடிநீரும் வந்து குவிந்தன. வீடு இடிந்தவர், ஆடு மாடு இழந்தவர், பாடநூல் நனைந்தவர் ஆகியோருக்கான தேவை இரண்டாம் மாதத்தில்தான் முழுமையாகத் தெரியவரும். அப்போது கொடுக்க ஆள் இருக்காது. இந்தப் பங்கில் பாதியையாவது அந்த இரண்டாம் மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். பழைய துணி மட்டும் அனுப்ப வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் யாரும் தொடாத பழந்துணிகள் சாலையோரம் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர்.

7. நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி (நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் இருக்கின்றனவா, அவை காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழுமையான பதிவு பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியது. தன்னார்வ நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் அந்த நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். இவையெல்லாம் கதவைத் திறக்கும் சாவிகள் மட்டுமே. நல்ல வேலை நடக்கிறதா என்பதை இவை சொல்வதில்லை.

அதைத் தெரிந்துகொள்ளத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் ஆண்டறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் அனுப்புகிறார்களா, ‘எதற்கு சார்?’ என்று கேட்கிறார்களா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். ‘நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்’ என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியரின் சம்பளம்தான் முதன்மைச் செலவு. அதைக் குறைத்துக் காட்டும் பள்ளி நல்ல பள்ளி ஆகாது. அதைவிட, ‘சென்ற ஆண்டு நீங்கள் முயன்று சரிவராமல் போன வேலை எது?’ என்று கேட்டுப் பாருங்கள். களத்தில் உண்மையாக வேலை செய்பவர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

இன்னொன்று: நல்ல நிறுவனம் என்பதும் உங்கள் பணம் தேவைப்படும் நிறுவனம் என்பதும் ஒன்றல்ல. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வருவாயைக் கொண்டே இலவசச் சிகிச்சையையும் ஈடுகட்டும் முறைக்குப் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பத்தாயிரம் சேர்க்கும் மாற்றமும், ஒரு சிறு மாவட்டத் தலைநகரில் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் முதியோர் பராமரிப்பு மையத்தில் அதே பத்தாயிரம் சேர்க்கும் மாற்றமும் ஒரே அளவாக இருக்க மாட்டா. தொடர் கொடையைத் தொடங்கும் முன் ஒரு முறையாவது நேரில் போய், சமையலறையையும் கழிப்பறையையும் பார்த்து வருவது நல்லது.

8. வரிச்சலுகையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அளவு

80ஜி சலுகை பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. புதிய வரிமுறையில் நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் வரி குறையாது. பழைய முறையில், பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதித் தொகைதான் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதற்கும் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 30 சதவீதப் படியில் இருப்பவர் ஒரு லட்சம் கொடுத்தால் செஸ் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கொடுப்பது முழுவதும் கழிக்கப்படும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ அரிசி, துணி போன்ற பொருளாகக் கொடுத்தாலோ தனிமனிதருக்குக் கொடுத்தாலோ சலுகை இல்லை.

இதற்காகப் பழைய முறைக்கு மாறலாமா என்றால், 40 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவைத் தவிர ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய்க்குக் கழிவுகள் இருந்தால்தான் பழைய முறை புதியதற்கு ஈடாகும். வீட்டு வாடகைப்படியும் வீட்டுக் கடன் வட்டியும் உள்ள சிலருக்கு அது கூடிவரலாம். இங்கே கணக்கிட்ட அளவுக் கொடையை மட்டும் வைத்துக்கொண்டு அதை எட்ட முடியாது. பழைய முறையில் இருப்பவர்கள் நிதியாண்டு முடிந்ததும் மே 31ஆம் தேதிக்குள் நிறுவனம் தரும் 10பிஇ என்ற கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் தம் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் ரசீது போதாது. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், அதற்குப் பிந்தைய கொடைகளுக்குரிய பிரிவையும் படிவத்தையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரிச்சலுகைக்காக மட்டும் மார்ச் மாதத்தில் அவசரமாகக் கொடுத்துவந்தவர்கள் புதிய முறைக்கு மாறியதும் கொடுப்பதை நிறுத்திவிட்டதைப் பார்க்க முடிகிறது. ஆகவே தொகையை வரிச்சலுகையைக் கணக்கில் கொள்ளாமல் முடிவு செய்துவிட்டு, சலுகை கிடைத்தால் அதையும் கொடைக் கணக்கிலேயே போட்டுவிடுவது மேல்.

9. ஊதிய உயர்வு, போனஸ், வேலை மாற்றம்

படிநிலை விகிதம் ஊதிய உயர்வைத் தானாகவே கவனித்துக்கொள்ளும். உயர்வு வந்த மாதமே வங்கியின் நிரந்தர உத்தரவில் தொகையை மாற்றிவிடுங்கள். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பணத்துக்குப் புதிய செலவு ஒன்று முளைத்துவிடும். போனஸ், ஊதியத்தின் ஒரு பகுதியாக நிறுவனம் தரும் ஆர்எஸ்யு பங்குகள் போன்றவற்றை ஆண்டுக் கணக்கில் சேர்த்தால் மாதத் தொகை ஏறி இறங்கித் தொல்லை தரும். அவை கைக்கு வரும்போது, வரி போக மிஞ்சியதில் உங்கள் உச்சப்படியின் விகிதத்தைத் தனியே போட்டு ஒரே தவணையாகக் கொடைக் கணக்குக்கு மாற்றிவிடலாம். ஆர்எஸ்யு பங்குகள் கைக்கு வரும் நாளிலேயே அவற்றுக்குச் சம்பளமாகக் கருதி வரி பிடிக்கப்படுகிறது. ஆகவே அன்றைய மதிப்பையே வருமானமாக எழுதிக்கொள்ளுங்கள், விற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் இருவருடைய தொகையையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுவதா, தனித்தனியாகவா என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். சேர்த்துப் போட்டால் மேல்படி விகிதம் அதிகத் தொகைக்குப் பொருந்தும். தனித்தனியாகப் போட்டால் அவரவர் விருப்பப்படி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுப்பது நீடிக்காது.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் வேலை இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். வருமானம் நின்ற மாதத்திலிருந்து புதிய ஒதுக்கீடும் நிற்கும். ஆனால் கொடைக் கணக்கில் ஏற்கெனவே உள்ள பணத்தைக் குடும்பச் செலவுக்கு எடுப்பதில்லை, அதிலிருந்து தொடர் கொடை முடிகிற வரை போய்க்கொண்டிருக்கும். ஆறு மாதச் செலவுக்கான இருப்பு தனியாக இருப்பது இதற்காகத்தான். தொடர் கொடை பெறும் நிறுவனத்துக்கு இரண்டு மாதம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் மாற்று வழி தேடிக்கொள்வார்கள்.

ஆண்டு மறுஆய்வுக்கு ஏப்ரல் மாதம் வசதியானது. சென்ற நிதியாண்டின் சம்பளக் கணக்கு கையில் இருக்கும், புதிய சம்பளமும் ஓரளவு தெரிந்திருக்கும். கொடைக் கணக்கின் ஆண்டறிக்கையை எடுத்து, போன தொகையைக் கூட்டி, எழுதிவைத்த தொகையோடு ஒப்பிடுங்கள். நேரில் கேட்பவர்களுக்கான பங்கில் மார்ச் 31 அன்று மீதம் இருந்தால் அதைத் தொடர் கொடை பெறும் நிறுவனங்களில் ஒன்றுக்கு அனுப்பிவிடலாம். பேரிடர்ப் பங்கின் மீதம் அடுத்த ஆண்டுக்கு அப்படியே போகட்டும். பிறகு இந்த ஆண்டுக்கான அடிப்படைத் தொகை, கழித்த குடும்பக் கடமை, படிநிலைக் கணக்கு, மாதத் தொகை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, அன்றே வங்கி உத்தரவையும் மாற்றிவிடுங்கள்.